சங்கத்தில் போட்டுவைத்த பயம்

கொஞ்சம் நெருங்கி வாருங்கள், என் செல்வங்களே. காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்காராதீர்கள். இந்தக் கதை கேட்கும்போது வாசல் கண்ணில் படும்படி இருப்பது நல்லது. தன் பயத்தைச் சேமிப்பாகப் போட்டுவைத்த ஓர் ஊரின் கதை சொல்லப்போகிறேன். முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் கேட்கலாம், வெட்கமில்லை.

அளத்துமுனையில் அன்று காலை பத்து மணிக்குக் கடல் அரை மைல் தூரம் உள்வாங்கிக் கிடந்தது. அது விட்டுப்போன சேற்றில் ஊர்சனம் இறங்கி நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைக் கோபுரம் விடிந்ததிலிருந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சங்கக் கட்டடத்துக்கு முன்னால் தானோடி வண்டிகள் பதினைந்து வரிசையாக நின்றன. ஓட்டுநர் இல்லாத அந்த வண்டிகள் கதவைத் திறப்பதும், ஆள் ஏறாததைப் பார்த்து மூடுவதும், மறுபடி திறப்பதுமாக இருந்தன. ஏறினால் பத்தே நிமிடத்தில் மேட்டுக் காப்பகம் போய்விடலாம். ஒருவரும் ஏறவில்லை.

காவலர்கள் வந்து கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். ஊரார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'புயல் வரப்போவுது, பத்திரமாப் போயிட்டு வாங்க' என்று அனுப்பி வைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் மட்டும் அதிகாலையிலேயே பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள். பயம் உள்ளவர்கள்.

சங்கத்து ஜன்னலோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அமிர்தவாணிக்குக் கை நடுங்கியது. உப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் செயலாளர் அவள். அந்த ஊரில் அன்றைக்குக் கை நடுங்கியது அவள் ஒருத்திக்குத்தான். அவள் கணவன் தெய்வேந்திரன் ஒன்றரை மைல் தள்ளி, அளத்தில், உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனை எப்படியாவது வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கு முதலில் அவனுக்குப் பயம் வரவேண்டும்.

அவன் பயம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அவளுக்குப் பின்னால், சங்கத்துக் கூடத்தில், ஆள் உயரக் கலம் ஒன்று நின்றதே, அதற்குள் இருந்தது.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு புயல். ஊரார் அதைக் கருங்காற்று என்றார்கள். அறுபத்தொரு பேரைக் கொண்டுபோயிற்று. அரசு வண்டி வந்து சேருமுன்னே அரிசியும் தார்ப்பாயும் கொடுத்தது இந்தச் சங்கம்தான். பழைய கடனுக்கு இரண்டு வருடம் தவணை தள்ளிப்போட்டது. வரப்பு கட்ட, இறைப்பான் வாங்க, வட்டியில்லாமல் புதுக் கடன் கொடுத்தது. இறந்தவர் கடனை இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் கூரை எழும்பியது, பாத்தி சீரானது, எல்லாம் ஆயிற்று. ஆனால் பாத்தியில் இறங்க ஆள் இல்லை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் அவரவர் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காசாம்பு என்று ஒரு பெண், புருஷனைக் கூரையோடு பறிகொடுத்தவள், தென்னங்கீற்று சலசலத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். தன் மகளின் காலைத் தன் முந்தானையால் கட்டி வைத்திருப்பாள். எத்தனை கடன் கொடுத்தாலும் கட்டிலுக்கு அடியில் கிடப்பவளால் உப்பு வார முடியுமா?

அப்போதுதான் நடுக்கக்கலம் வந்தது. பயம் நம் மூளையில் வாதுமைக்கொட்டை அளவு இடத்தில் குடியிருக்கிறதாம். கூடத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி ஒன்று ஓடும். அதை உள்ளங்கையால் பிடித்தால், அந்தக் கொட்டையில் படிந்திருக்கும் நடுக்கத்தைக் கலம் வழித்தெடுத்துவிடும். நினைவைத் தொடாது. எடுத்த நடுக்கத்தை அழிக்க முடியாது. ஆனால் பங்கு போடலாம். கம்பியைப் பிடித்திருக்கும் எல்லோருக்கும் சரிசமமாக ஊற்றிவிடும்.

சங்கத் தலைவர் வைரக்கண்ணு பொதுக்குழுவில் அதை உப்புக்காரர் பாஷையில் சொன்னார். "ஒரு குடம் தண்ணியில ஒரு கை உப்பப் போட்டா வாயில வைக்க முடியாது. அதையே ஊர்க் குளத்துல போட்டா? கடனைப் பங்கு போட்டோம்ல, இதையும் போட்டுக்குவோம்."

முதலில் காசாம்புவின் பயத்தை எடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்திருந்தார்கள். கண் சிமிட்டும் நேரம் எல்லோர் பிடரியிலும் சில்லென்று ஏதோ பட்டது. நனைந்த கீற்றின் வாசனை ஒன்று வந்து போயிற்று. நடுக்கத்தோடு அதன் காரணத்திலும் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காசாம்பு கையை எடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசிக்கிறது என்றாள். பொதுக்குழுவுக்கு வந்த மிக்சர் பொட்டலம் மூன்றைத் தின்றாள்.

அப்புறம் ஒவ்வொருவராக. ஊர் நிமிர்ந்துவிட்டது. அளத்துமுனை உப்பு முன்னைவிட வெள்ளையாக விளைந்தது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அமிர்தவாணி மட்டும் கம்பியைத் தொடவில்லை. சங்கத்தில் சம்பளம் வாங்குபவர் சங்கத்தில் வரவு செலவு வைக்கக்கூடாது என்பது துணைவிதி. கருங்காற்றின்போது அவளும் தெய்வேந்திரனும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், அவன் ஒரு கை ஏணிப்படியிலும் மறு கை அவள் மணிக்கட்டிலுமாக, பதினோரு மணி நேரம் தொங்கிக்கொண்டிருந்தவர்கள். அவன் தன் பயத்தைப் பங்கு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். அவள் தன்னுடையதை முழுசாக வைத்துக்கொண்டு, அதோடு சமைத்து, அதோடு பஸ் ஏறி, அதோடு அலுவலகம் வந்து போய்க்கொண்டிருந்தாள். செருப்புக்குள் கிடக்கும் கல்லோடு நடக்கப் பழகுவதுபோல.

நான்கு வருடம் முன்பு பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. அந்தக் கொஞ்சூண்டு பங்கை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? மொத்தத்தையும் காப்பு நிதியாகக் கலத்திலேயே போட்டுவிடலாமே? அமிர்தவாணி எழுந்து, பயம் அடியோடு இல்லாமல் இருப்பது சரியா என்று யோசிக்கச் சொன்னாள்.

"சேமிப்புதானம்மா? எங்க ஓடிப்போவுது?" என்றார் வைரக்கண்ணு. "வேணுங்கிறப்ப எடுத்துக்குவோம்."

எடுப்பதற்கும் விதி எழுதினார்கள். தனி ஆள் கோபத்தில் திறந்துவிடக்கூடாது அல்லவா? உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருநூற்று எழுபத்தைந்து பேர், நேரில் வந்து கம்பியைப் பிடித்தால்தான் கலம் திறக்கும். திறந்தால், இடையில் எத்தனை பேரிடம் பங்காகப் போயிருந்தாலும், முதலில் யாரிடமிருந்து எடுத்ததோ அவருக்கே அது முழுசாகத் திரும்பும். வராதவர் போட்டதை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குச் சங்கத்தில் ஏற்கெனவே வழக்கம் இருந்தது. பொதுக்குழுவுக்கு வந்தவர்களுக்கு வருடாவருடம் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று பரிசு. வராதவர் தூக்கை, அவருக்கு முந்தைய எண்காரர் வாங்கிப்போய்க் கொடுப்பார். அதே விதியைக் கலத்துக்கும் வைத்தார்கள்: வராதவர் பயம் முந்தைய எண்காரருக்குப் போகும். கைதட்டினார்கள். எல்லோரும் கம்பியைப் பிடித்து, கடைசித் துளிவரை கொடுத்துவிட்டு, தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் இருப்பது எப்படி இருந்தது தெரியுமா, கண்ணுகளா? மடைச்சுவர்மேல் கைக்குழந்தையை உட்காரவைத்துவிட்டுத் தாய் துணி துவைப்பாள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் காலால் ஒதுக்கிவிட்டு நடப்பான் ஒருவன். பாம்பைப் பார்த்தால் நின்று பார்ப்பார்கள். கேட்டால், ஆபத்து என்று தெரியும் என்பார்கள். தெரியாமல் இல்லை. தெரிந்த செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அமிர்தவாணி இரவில் எழுந்து, தூங்கும் கணவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டுப் படுப்பாள்.

இப்போது அந்தக் காலைக்கு வாருங்கள்.

தலைவர் வைரக்கண்ணு சங்கத்து வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அமிர்தவாணி அவரிடம் போய், அவசரப் பொதுக்குழு கூட்டிக் கலத்தைத் திறக்க வேண்டும் என்றாள். அவர் மறுக்கவில்லை. கூட்டலாம், சாப்பாட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"சாப்பாட்டுக்கு மேல நாம இருக்கமாட்டோம், தலைவரே."

"ஆமா, அதுவும் சரிதான்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

அவள் உள்ளே போனாள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். நாற்பது பேர் வந்தார்கள். வந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஆள் சேரவில்லை என்று போய்விட்டார்கள். கடல் போன இடத்தில் வானம் ஈயம்போல் மங்கியிருந்தது. காற்று திடீரென்று நின்றுபோயிருந்தது. கருங்காற்றன்றும் இப்படித்தான் நின்றது. நின்று, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

அவள் பரிசு வைக்கும் அறையைத் திறந்தாள். வரப்போகும் ஆண்டுக் கூட்டத்துக்கு வாங்கி அடுக்கிய தூக்குகள் கூரைவரை இருந்தன. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, குரல் நடுங்காமல் சொன்னாள்: "உறுப்பினர்களுக்கு அறிவிப்பு. அவசரப் பொதுக்குழு இப்போதே நடைபெறும். வருகிறவர்களுக்கு இந்த முறை ஆளுக்கு இரண்டு தூக்கு."

வந்தார்கள். சேறு அப்பிய காலோடு, நண்டுக் கூடையோடு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு வரிசையாக வந்தார்கள். தூக்கு போன வருடத்தைவிடச் சின்னதோ என்று தட்டிப் பார்த்தார்கள். காசாம்பு நான்கு தூக்கு கேட்டாள். அவள் எண் நூற்று எண்பத்தெட்டு. நூற்று எண்பத்தொன்பது தெய்வேந்திரன்.

"அண்ணன் அம்பாரத்தை விட்டு வரமுடியாதாம், செகரட்டரியம்மா. எந்தூக்கையும் சேத்து வாங்கிக்கன்னு போன் பண்ணுச்சு" என்றாள் சிரித்துக்கொண்டே.

அமிர்தவாணிக்கு அப்போதுதான் தான் செய்த பிழை உறைத்தது. தூக்கைச் சொல்லி அழைத்தால் யாரும் நேரில் வரத் தேவையில்லையே; அதுதானே இந்த ஊர் வழக்கம். கூடத்தில் இருநூற்று எண்பத்தொரு பேர் இருந்தார்கள். நூற்று முப்பத்தொரு பேர் அளத்திலும் சேற்றிலும் வீட்டிலும் இருந்துகொண்டு, பக்கத்து எண்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அவனை அழைத்தாள். எடுத்தான். அவன் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்டது. தொலைவில் ரயில் வருவதுபோல.

"ஏங்க, விட்டுட்டு வாங்க. ஓடி வாங்க."

"கடல் திரும்புது அமிர்தம். தெரியுது. நல்லா உசரமாத்தான் வருது." வானிலைச் செய்தி படிப்பவன்போலச் சொன்னான். "ரெண்டு முடிச்சுதான் பாக்கி. போட்டுட்டு வர்றேன்."

"என் மேல ஆணையா ஓடுங்க."

"ஓடுறேன், ஓடுறேன். நீ பதறாத. தூக்கு மட்டும் காசாம்பு வாங்கிட்டாளான்னு பாத்துக்க."

இரைச்சல் பெரிதாயிற்று. பிறகு போனில் ஒன்றும் இல்லை.

ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போகலாம். ஏழு நிமிடம். அவள் போனால், இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் நண்டுக் கூடையோடு மறுபடி சேற்றுக்குப் போய்விடுவார்கள். அவள் வாசலைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள். வாயில் உப்புக் கரித்தது. பல்லில் உதடு கிழிந்திருந்தது. "எல்லாரும் கம்பியைப் பிடிங்க" என்றாள்.

பிடித்தார்கள். கலம் திறந்தது.

உடம்பில் இருக்கும் பயம் நாளுக்கு நாள் தேயும், என் செல்வங்களே. தூக்கத்தில் கொஞ்சம், அழுகையில் கொஞ்சம், அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லிக் கொஞ்சம். கலத்தில் கிடந்த பயம் தேயவில்லை. கருங்காற்றன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஈரம் காயாமல் இருந்தது. அது அவ்வளவும் ஒரே மூச்சில் திரும்பியது. பாதிப்பேருக்கு வராதவர் பயமும் சேர்ந்து இரட்டையாக வந்தது.

யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். தூக்குகள் கலகலவென்று தரையில் உருண்டன. தலைவர் வைரக்கண்ணு நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். ஒரு பெரியவர் நின்றபடியே வேட்டியை நனைத்தார். இருநூற்று எண்பத்தொரு பேரும் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. பயமில்லாமல் ஓடாதவர்கள், இப்போது பயத்தால் ஓடமுடியாமல் நின்றார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, அடிவானத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று எழுந்து வந்துகொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் கால் நகர்ந்தது ஒருத்திக்குத்தான். பன்னிரண்டு வருடம் தினமும் பயத்தோடு நடந்து பழகியவளுக்கு.

காசாம்புவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள். அந்தப் பிடி இரும்பாக இருந்தது. "பயமா இருக்கா? எனக்கும்தான்" என்று அவள் காதுக்குள் சொன்னாள். "அது கூடவே வரட்டும். நீ நட." காசாம்புவின் முந்தானையை அடுத்தவள் கையில் கட்டினாள். அடுத்தவள் முந்தானையை அதற்கடுத்தவர் வேட்டியோடு. நாலு பேர் நகர்ந்ததும் ஐந்தாவது ஆளுக்கு நகரத் தெரிந்தது. அழுதுகொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் தவழ்ந்தும் சங்கிலியாக வண்டிகளுக்குப் போனார்கள். வண்டிகள் கதவைத் திறந்தன. இந்த முறை ஆள் ஏறியதால் மூடிக்கொண்டு கிளம்பின. கடைசி வண்டி மேட்டில் ஏறும்போது அதன் பின்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டது.

சங்கக் கட்டடம் மறுநாள் தெரியவில்லை. வராத நூற்று முப்பத்தொரு பேரில் எழுபத்துமூன்று பேர் மரத்திலும் மாடியிலும் பிழைத்துக் கிடந்தார்கள். காப்பாற்றப் போனவர்களிடம், அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்றார்களாம். ஐம்பத்தெட்டு பேர் கிடைக்கவில்லை. தெய்வேந்திரன் கட்டிய தார்ப்பாய் மட்டும் நான்கு மைல் தள்ளி ஒரு வேலியில் தொங்கியது. முடிச்சுகள் அவிழாமல் இருந்தன.

ஒரு மாதம் கழித்து, காப்பகத்தில் சங்கம் கூடியது. பன்னிரண்டு வருடம் முன்பு செய்ததையே மறுபடி செய்தது. அரிசி, தார்ப்பாய், தவணை தள்ளிப்போடுதல். அதை எல்லோரும் மனப்பாடமாகச் செய்தார்கள். அதற்கப்புறம் வைரக்கண்ணு தயங்கித் தயங்கி எழுந்தார். பேசும்போது அவர் கண் அடிக்கடி வாசலுக்குப் போயிற்று. பக்கத்து ஊர்ச் சங்கம், துக்கத்தையும் வழித்தெடுக்கும் தன் புதுக் கலத்தைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது என்றார். தங்களுக்காக அல்ல. செயலாளரையும் உறுப்பினராக்கும்படி துணைவிதியைத் திருத்தி, அவளுடைய துக்கத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள விரும்புகிறார்கள் என்றார். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கைகள் நடுங்கின.

அமிர்தவாணி தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, வேண்டாம் என்றாள். மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் முந்நூறு சொச்சம் துண்டாக்கினால் தன்னிடம் என்ன இருக்கும் என்று கேட்டாள். தீர்மானத்தைக் கைவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு காசாம்பு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே லேசாகக் காற்று கிளம்பியது. காசாம்புவின் வலது கை தானாக எழுந்து, பெஞ்சின் இரும்புச் சட்டத்தை ஏணிப்படியைப் பிடிப்பதுபோல் வளைத்துப் பிடித்தது. இடது கை காற்றில் எதையோ தேடியது.

"எம்பயம் எனக்குத் தெரியும், செகரட்டரியம்மா. அது கீத்து வாசம். இது என்னுது இல்ல" என்றாள் மெல்லிய குரலில். "காத்து அடிச்சா, கையை விட்டுறக் கூடாது, கையை விட்டுறக் கூடாதுன்னு ஒரே நடுக்கம். தண்ணியப் பத்தி ஒண்ணுமே இல்ல அதுல. யாரு கைன்னுதான் தெரியல."

அமிர்தவாணி தன் கையை அந்த இடது கைக்குள் வைத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, அவன் பதினோரு மணி நேரம் பிடித்திருந்த அதே இடத்தில், அது இறுகிக்கொண்டது. காற்று ஓயும்வரை விடவில்லை.

போதும், எழுந்திருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டுப் பானையில் உப்பும், உங்கள் நெஞ்சில் ஓடத் தெரிந்த ஒரு பிடி பயமும் என்றும் குறையாதிருக்கட்டும். காற்றடிக்கும் நாளில் உங்கள் வீட்டில் ஒரு கைக்கு இன்னொரு கை இருக்கட்டும்.